வெய்யில்னு எழுதச் சொன்னோம்

எங்கம்மா செத்ததுக்கு ஆபீஸ் ரிப்போர்ட்ல நெஞ்சுவலின்னு எழுதியிருக்குது. அவங்கள கொன்னது வெய்யிலு. ஊருக்கே தெரியும். அத பேப்பர்ல மாத்தணும்னு நானும் எங்க நைனாவும் அலைஞ்சோம். அது இன்னா கதைன்னு சொல்றதுக்கு முன்ன என் வேலைய பத்தி சொல்லணும். ஏன்னா அந்த வேலைக்குப் போவலன்னா எனக்கு இதெல்லாம் தோணியே இருக்காது.

ஆந்திராவுல சத்தியவேடு பக்கம் ஏ.சி. பெட்டி செய்யற கம்பெனி ஒண்ணுல நான் கான்ட்ராக்ட் ஆளு. அந்த இடமெல்லாம் முன்ன வெறும் முந்திரித் தோப்பும் மேச்சல் காடும்தானாம். இப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பெனி. எங்க ஊருலருந்து பாதி புள்ளைங்க அங்கதான் இருக்குது. நான் எட்டாவது வரிக்கும் படிச்சேன். அஞ்சு வரிக்கும் தமிழ், அப்பால தமிழ் டீச்சர் இல்லன்னு தெலுங்குல போட்டாங்க. ரெண்டும் அரைகுறை. அதனால ஸ்க்ரூ முடுக்கற எடத்துல போடாம லைன் கடைசில போட்டாங்க. என் வேலை பெட்டி மேல ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டறது.

சேர்ந்த மொத வாரம் எங்கள எல்லாம் ஒரு ஹால்ல உக்கார வெச்சு ஒரு சார் பேசினாரு. "இது அழகுக்கு ஒட்டறது இல்லம்மா. சட்டம். டெல்லில போட்ட சட்டம்"னாரு. கரண்ட் செய்யறதுக்கு கரிய எரிக்கறாங்களாம். அந்தப் புகையில பூமி சூடாயிக்கினே போவுதாம். சூடு ஏற ஏற ஜனம் ஏ.சி. வாங்குது, ஏ.சி. ஓட இன்னும் கரி எரியுது. அதனால எந்தப் பெட்டி எவ்ளோ கரண்ட் துன்னும்னு வாங்கறவங்களுக்கு தெரியணும், அத மறைக்கக் கூடாதுன்னு கவர்மென்ட்டு சட்டம் வெச்சிருக்குதாம். கொஞ்ச வருசத்துக்கு ஒரு தடவ அந்த அளவையும் இறுக்குவாங்களாம், முன்ன அஞ்சு ஸ்டார் வாங்கின பெட்டி அப்பால நாலு ஸ்டார் ஆயிடுமாம்.

என் பக்கத்துல இருந்த பொண்ணு கைய தூக்கிச்சு. "சார், மூணு ஸ்டார் பெட்டிக்கு மறந்து அஞ்சு ஒட்டிட்டா?"

"கம்பெனி மேல கேஸு. உனக்கு வூட்டுக்கு டிக்கெட்டு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். ஆனா எனக்கு அது மனசுல நின்னுச்சு. ஒரு பெட்டி எவ்ளோ துன்னுதுன்னு எழுதறதுக்கே டெல்லில சட்டம் போடறாங்கன்னா எழுதறது பெரிய விசயம்தான் போலன்னு நெனச்சேன்.

அன்னிக்கி சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணேன்.

"இன்னாடி வேல குடுத்தாங்க?"

"ஸ்டார் ஒட்டற வேலம்மா."

"ஸ்டாரா? சினிமா எடுக்கறாங்களா அங்க?"

நான் சொன்னேன், கம்மியா கரண்ட் துன்னு நெறைய குளிர குடுத்தா அந்தப் பெட்டிக்கு அஞ்சு ஸ்டாருன்னு.

"அப்ப எனக்கு ஒரு அஞ்சு எடுத்தாந்து ஒட்டு. காலைல ஒரு சொம்பு கூழ குடிச்சுட்டு மத்தியானம் வரிக்கும் மண்ணு தூக்கறன்."

"நைனாவுக்கு எவ்ளோம்மா?"

"ஒங்க நைனாவுக்கு ஒண்ணு கூட ஒட்டாத. துன்றது மட்டும்தான் நடக்குது."

பின்னாலருந்து நைனா "எனக்கு காது கேக்குது"ன்னு கத்தினாரு. எங்கம்மா அப்பிடித்தான். யாரையும் வுடமாட்டாங்க.

எங்க ஊரும் ஆந்திராதான், பாலசமுத்திரம் பக்கம். ரெண்டு கிலோமீட்டர் நடந்தா தமிழ்நாடு. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது அம்மாவும் நைனாவும் பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. அங்க ஊரே புதுசா எழும்பிக்கினு இருந்துச்சு. பெரியம்மா வூட்டுல என்ன வுட்டுட்டு போனாங்க. ஏழெட்டு வருசம் கழிச்சு அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து ரெண்டு பேரும் திரும்பினாங்க. அரை ஏக்கரா நெலம் இக்குது, தண்ணி இல்ல. அப்பால அவங்களுக்கு கருவு வேலைதான். கருவுன்னா தெலுங்குல பஞ்சம். தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைன்னு சொல்றாங்களே, அதுதான். ஏரில மண்ணு எடுக்கறது, கால்வாய் தோண்டறது. அதுவும் டெல்லி சட்டம்தான். கேட்டா வேலை குடுக்கணும், வேலை செய்யற எடத்துல நெழலு இருக்கணும், தண்ணி இருக்கணும்னு அந்த சட்டத்துலயே எழுதியிருக்குதாம்.

எங்க ஊரு ஏரில நெழலு கெடையாது. கருவேல முள்ளுதான். அதுங்கீழ ஆடு கூட குனிஞ்சுதான் போவணும்.

இப்ப அந்த வேலைக்கு போட்டோ வந்திருச்சு. பொம்பளைங்கள நிக்க வெச்சு காலைல ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழிச்சு இன்னொரு போட்டோ, போன்ல எடுத்து ஏத்தணும். ரெண்டும் ஏறினாத்தான் அந்த நாளு நாளு. நடுவுல போயிட்டா காலைலருந்து செஞ்சது செஞ்சதா ஆவாது. போட்டோ எடுக்கறது மேட்டு, அதாவது வேல செய்யறவங்கள கவனிச்சு கணக்கு எழுதற ஆளு. எங்க பக்கத்து வூட்டு அத்தைதான் மேட்டு. தெலுங்குல பத்தாவது பாஸு. நல்லவங்கதான். அம்மாவும் அவங்களும் ஒரே கெணத்துல தண்ணி எடுத்தவங்க, ஒரே பஸ்ல பெங்களூருக்கு போனவங்க.

அம்மா செத்த அன்னிக்கி கத்திரி வெய்யில் ஆரம்பிச்சு நாலஞ்சு நாளு ஆயிருந்துச்சு. வெய்யிலுக்கு பயந்து ஆறு மணிக்கே ஏரிக்கு போயிட்டாங்க. ஆனா டவர் கெடைக்கல. அத்தை போன தூக்கிக்கினு ஏரிக்கரை மேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியிருக்காங்க. மொத போட்டோ ஏறும்போது மணி எட்டு. அப்ப ரெண்டாவது போட்டோவ பன்னெண்டு மணிக்கு முன்ன போன் எடுக்காது. வேலைய பத்துக்கே முடிச்சுட்டாங்க. முடிச்சுட்டு போட்டோவுக்காக ரெண்டு மணி நேரம் அந்த வெய்யில்ல சும்மா நின்னாங்க.

பதினோரு மணிக்கு எனக்கு டீ டைமு. அம்மா போன் பண்ணாங்க.

"தல சுத்துதுடி. வாந்தி வர்ற மாதிரி இக்குது. வூட்டுக்கு போயிடட்டா?"

நான் சொன்னேன், "இன்னும் ஒரு மணி நேரம்தானம்மா. போட்டோ எடுத்துக்கினு போ. காலைலருந்து செஞ்சது வீணா பூடும்."

"சரிடி"ன்னாங்க. அவ்ளோதான்.

நான் நின்ன எடத்துல பெட்டிய ஓட்டிப் பாக்கற ரூம் இக்குது. அங்கருந்து குளிரு வந்துக்கினே இருக்கும். சித்திர மாசத்துல நான் சொட்டர் போட்டுக்கினு வேல செய்வேன். வெளிய இன்னா வெய்யில்னு எனக்குத் தெரியாது. இத சாக்குன்னு சொல்லல. எனக்கு அப்ப குளிருச்சு, அத சொல்றேன்.

பன்னெண்டு அஞ்சுக்கு ரெண்டாவது போட்டோ எடுத்தாங்க. அதுல அம்மா ரெண்டாவது வரிசைல நிக்கறாங்க, தலையில துண்டு. போட்டோ முடிஞ்சு மண்ணு தட்ட எடுக்க குனிஞ்சவங்க அப்பிடியே வுழுந்துட்டாங்க. ஆட்டோ வந்து சேர்றதுக்குள்ள உசிரு இல்ல.

லைன்ல சூப்பர்வைசர் வந்து என் தோள தொட்டு "வூட்டுலருந்து போன்மா, வெளிய வா"ன்னாரு. கைல ஸ்டிக்கர் இருந்துச்சு. அத பெட்டில ஒட்டிட்டுத்தான் போனேன். ஏன் ஒட்டினேன்னு தெரியல. பிச்சாட்டூர், புத்தூர், நகரின்னு பஸ்ஸு மாறி மாறி வூட்டுக்கு போயிச் சேரும்போது வெளக்கு வெச்சுட்டாங்க.

அம்மாவ ஐஸ் பெட்டில வெச்சிருந்தாங்க. பள்ளிப்பட்டுலருந்து கொண்டாந்தாங்களாம். எனக்காக. பொண்ணு வந்து மொகம் பாக்கணும், இந்த வெய்யில்ல ஒடம்பு தாங்காதுன்னு நைனாதான் ஓடிப் போய் ஏற்பாடு பண்ணியிருக்காரு. கண்ணாடி தொறந்து கன்னத்த தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு.

கூட வேல செஞ்ச பொம்பளைங்க சுத்தி உக்காந்துக்கினு அழுதாங்க. "தொட முடியலடி, அடுப்புக் கல்லு மாதிரி கொதிச்சுச்சு." "வேர்வையே இல்ல. மொகம் செவந்து போச்சு." "நாங்க கொடம் கொடமா ஊத்தனோம், வூட்டுக்கு வந்தும் ஊத்தனோம்." ஆளாளுக்கு சொன்னாங்க. மேட்டு அத்தை மட்டும் வாசப்படிகிட்ட நின்னாங்க. உள்ள வரல.

மறுநாள் காலைல வி.ஆர்.ஓ. வந்தாரு. எங்க ஊருக்கு ரெவின்யூ ஆபீசரு. சின்ன வயசு, தெலுங்குக்காரரு, ஆனா தமிழ் பேசுவாரு. செருப்ப வெளிய வுட்டுட்டு வந்து மொத அம்மாவ கும்புட்டாரு. அப்பால நைனாவ ஓரமா கூப்பிட்டாரு. நானும் போனேன்.

"பெத்தாயனா, இன்னா ஆச்சுன்னு எழுதணும். வடதெப்பன்னு சொல்றாங்க எல்லாரும்."

பெத்தாயனான்னா பெரியவரு, வடதெப்பன்னா வெய்யில் அடி. எங்க பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் சொல்வோம்.

"ஆமாங்க சார்"னு நைனா சொன்னாரு.

"அப்பிடி எழுதணும்னா தாசில்தாரு, டாக்டரு, போலீசு மூணு பேரும் சேர்ந்து சொல்லணும். போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். சித்தூருக்கு எடுத்துக்கினு போவணும்."

நைனா மொகம் மாறிருச்சு. "அறுக்கணுமா?"

"ஆமா."

"சார், அவ பூவோட பொட்டோட போறவ. பொறந்த வூட்டு சீல வந்துகினு இக்குது. மஞ்சத் தண்ணி ஊத்தி அனுப்பணும். அவள கிழிச்சுத் தெச்சு அந்த ஒடம்புக்கா நான் மஞ்சப் பூசுவேன்?"

எங்க பக்கம் புருசன் இருக்கும்போது செத்த பொம்பளைக்கு தனி மரியாத. ஊரு பொம்பளைங்க எல்லாம் வந்து அவ நெத்தி குங்குமத்த கொஞ்சம் தொட்டு எடுத்து வெச்சுக்குவாங்க. அந்த ஒடம்புல கத்தி படக்கூடாதுன்னு நைனா நெனச்சதுல தப்பு சொல்ல மாட்டேன். எனக்கும் அதேதான் தோணுச்சு. ஆனா நான் கேட்டேன், "எதுக்கு சார் அறுக்கணும்? இத்தன பேரு தொட்டுப் பாத்திருக்காங்க."

அவரு மேட்டு அத்தை போன வாங்கி அந்த ரெண்டாவது போட்டோவ பாத்தாரு. "இதுல நல்லாத்தானம்மா நிக்கறாங்க. அஞ்சு நிமிசத்துல செத்துட்டாங்கன்னா மேல இருக்கறவங்க குண்டெ நொப்பி, நெஞ்சுவலின்னுதான் நெனப்பாங்க. ஒடம்பு சூட்ட பாத்து சொல்லலாம்னா..." அவரு ஐஸ் பெட்டிய பாத்தாரு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அந்த சூடுதான் சாட்சி. அத ஒரு ராத்திரி முழுக்க கரண்ட் போட்டு நாங்களே இறக்கியிருக்கறோம். நான் வந்து மொகம் பாக்கணும்னு.

"வெள்ளத்துல செத்தா இப்பிடி அறுக்கச் சொல்வாங்களா சார்?"னு கேட்டேன். கோவமா கேட்டுட்டேன்.

அவரு கோச்சிக்கல. "இல்லம்மா. டெல்லி சட்டத்துல பேரழிவுன்னு ஒரு பட்டியலு இக்குது. புயலு, வெள்ளம், பூகம்பம், ஆலங்கட்டி மழ, பூச்சி கூட இக்குது. குளிரு இக்குது. வெய்யிலு அதுல இல்ல. இங்க ஸ்டேட்டுல தனியா ஆர்டர் போட்டுத்தான் பாக்கறாங்க. அதனால நிரூபிக்கணும்."

"குளிரு இக்குதா?"

"இக்குது."

எங்க ஊருல குளிருல செத்தவங்க யாருன்னு யோசிச்சேன். யாரும் ஞாபகத்துக்கு வரல.

மேட்டு அத்தை தூணுகிட்ட நின்னுக்கினு என்னயே பாத்தாங்க. அந்தப் பார்வ எனக்கு புரிஞ்சுச்சு. வெய்யில்னு எழுதினா ஏன் வெய்யில்ல நின்னாங்கன்னு கேப்பாங்க. கேட்டா அவங்க பேரு வரும். அவங்களுக்கு அது ஒண்ணுதான் பொழப்பு.

நைனா என்ன பாத்து, "நீ சொல்லு. நீ சொன்னா எடுத்துக்கினு போலாம்"னாரு.

நான் அம்மாவ பாத்தேன். "வேணாம் நைனா"ன்னேன். அம்மாவுக்காகத்தான் வேணாம்னேன்னு அப்ப நெனச்சேன். இப்ப யோசிச்சா, ஏன் நின்னாங்கன்னு கேக்க ஆரம்பிச்சா அது என் போன் வரிக்கும் வருமேன்னு எனக்கு ஒரு பயம் இருந்துச்சு. அத்தைக்கு இருந்த அதே பயம்தான். நைனாவுக்கு அந்த போன் விசயம் தெரியாது. நான் சொல்லல.

வி.ஆர்.ஓ. குண்டெ நொப்பின்னு எழுதினாரு. நெஞ்சுவலி. நைனா கைநாட்டு வெச்சாரு. மத்தியானத்துக்குள்ள மஞ்சத் தண்ணி ஊத்தி, சீல போத்தி, எடுத்துக்கினு போய் பொதச்சிட்டோம்.

நாலாம் நாளே பொம்பளைங்க திரும்ப ஏரிக்கு போனாங்க. போவாம இன்னா பண்ணுவாங்க. நைனா அந்தப் பக்கம் மாட்ட ஓட்டிக்கினு போனவரு மத்தியானம் வந்து தண்ணி கூட குடிக்காம உக்காந்தாரு. "அதே மாதிரி நிக்கறாளுங்க. போட்டோவுக்கு. ஒருத்தி வாந்தி எடுத்துக்கினு இக்கறா. அந்த மேட்டு ரெண்டு சீலய முள்ளு மேல கட்டி வெச்சிருக்குது. அதுங்கீழ எத்தன பேரு உக்காருவாங்க?"

நான் சொம்புல தண்ணி மொண்டாந்து வெச்சேன்.

"அவ வெய்யில்லதான் செத்தான்னு எழுதியிருந்தா இவளுங்கள இப்பிடி நிக்க வெப்பாங்களா?"ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்விய அவரு கேப்பாருன்னு நான் எதிர்பாக்கல. எங்க நைனா எதையும் ஒரு தடவைக்கு மேல யோசிக்காதவரு.

பதினாறு முடிஞ்சுது. கம்பெனில போன் மேல போன் பண்ணிக்கினு இருந்தாங்க, வர்றியா வேற ஆள போடட்டான்னு. நான் திங்கக்கெழம சித்தூருக்கு போய் கலெக்டர் ஆபீசுல மனு குடுத்துட்டு வரேன்னு சொன்னேன். திங்கக்கெழமல அங்க ஜனத்துக்கிட்ட மனு வாங்குவாங்க. ஊருல கொஞ்ச பேரு, "பணம் வரும்னு சுத்தறாங்க"ன்னு பேசினாங்க. நைனாவுக்கு அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. ரெண்டு நாளு டீக்கடைக்கே போவல.

மனு தெலுங்குல எழுதணும். என் தெலுங்கு வெச்சு ஆபீசுக்கு எழுத முடியாது. ஊருல அழகா எழுதறவங்க யாருன்னா மேட்டு அத்தைதான். ஞாயித்துக்கெழம காலைல வெள்ளப் பேப்பரு வாங்கிக்கினு அவங்க வூட்டுக்கு போனேன். அவங்க கீரை ஆஞ்சுக்கினு இருந்தாங்க. விசயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் கீரையவே ஆஞ்சாங்க.

"நான் நிக்க வெச்சேன்னு எழுதணுமா?"

"எழுதலன்னா வேல முடிஞ்சும் எதுக்கு நின்னாங்கன்னு கேப்பாங்க இல்ல அத்த."

"டவரு இல்ல. நான் இன்னா பண்ணுவேன்? நாலு மணி நேரம் ஆவாம அந்தப் போன் தொறக்க மாட்டேங்குது."

"அதையும் எழுதுங்க."

கைய தொடச்சிக்கினு பேனா எடுத்தாங்க. "வேல போனா போவட்டும். ஒங்கம்மா கூட மண்ணு சொமந்தவதான நானு. திரும்ப சொமக்கறன்"னாங்க. எழுத ஆரம்பிச்சாங்க. எத்தன மணிக்கு போனோம், எப்ப போட்டோ ஏறுச்சு, வேல எப்ப முடிஞ்சுது, நெழலு இல்ல, ஒடம்பு எப்பிடி கொதிச்சுதுன்னு ஒண்ணொண்ணா. தமிழ்ல நான் சொல்றது அவங்க கைல தெலுங்கா போயிக்கினு இருந்துச்சு. தொட்டுப் பாத்த பொம்பளைங்க எல்லாம் ஒவ்வொருத்தரா வந்து கையெழுத்து வெச்சாங்க. கையெழுத்து வராதவங்க கைநாட்டு. அத்தை தன் பேர கடைசில போட்டாங்க, பக்கத்துல மேட்டுன்னும் போட்டாங்க.

"இன்னும் ஒண்ணு எழுதணும் அத்த"ன்னேன். "பதினோரு மணிக்கு அம்மா எனக்கு போன் பண்ணாங்க. தல சுத்துதுன்னாங்க. நான்தான் போட்டோ எடுத்துக்கினு போன்னு சொன்னேன்."

அத்தை பேனாவ கீழ வெச்சுட்டாங்க. "ஒனக்குத்தான் பண்ணாளா? யாருக்கோ பண்றான்னு பாத்தேன்." அப்பால, "இது வேணாம்டி. நீ இன்னா, வெய்யில உண்டாக்கினியா?"

"ஒங்க தப்ப எழுதிட்டு என்னுத வுட்டா நல்லாவா இக்கும்?"

"ஒங்க நைனாவுக்கு தெரியுமா?"

"தெரியாது. அவருக்குத்தான் படிக்க வராதே."

அத்தை என்ன ஒரு மாதிரி பாத்துட்டு எழுதினாங்க. எனக்கு அது பேப்பர்ல இருக்கணும், நைனா காதுக்கு மட்டும் போவக் கூடாது. அப்பிடி ஒரு ஆச எனக்கு.

திங்கக்கெழம மொத பஸ்ல நானும் நைனாவும் சித்தூருக்கு போனோம். ஹால்ல நெறைய ஜனம். பட்டா கேட்டு வந்தவங்க, பென்சன் நின்னு போனவங்க, போருக்கு கரண்ட் கேட்டு வந்தவங்க. டோக்கன் குடுத்து பெஞ்சில உக்கார வெச்சாங்க. எங்க நம்பரு வரும்போது மத்தியானம் ஆயிடுச்சு. ஒரு மேடம் மனு வாங்குச்சு, பக்கத்துல ஒரு பையன் கம்ப்யூட்டர்ல ஏத்தினான்.

மேடம் பேப்பர ஒரு தடவ மேலருந்து கீழ பாத்துச்சு. "இன்னா வேணும்மா? நஷ்டஈடா?"

"காரணத்த மாத்தி எழுதணுங்க. நெஞ்சுவலின்னு இக்குது. வடதெப்பன்னு எழுதணும்."

அந்தப் பையன், "அதுக்கு இதுல கட்டமே இல்ல மேடம்"னான்.

"இதரன்னு போடு. நான் சொல்றேன், நீ டைப் பண்ணு"ன்னு சொல்லி மேடம் சத்தமா படிக்க ஆரம்பிச்சுது.

நைனாவுக்கு தெலுங்கு படிக்கத்தான் வராது. கேட்டா எல்லாம் புரியும். பெங்களூருல மேஸ்திரிங்க கூட பேசினதே தெலுங்குலதான். நான் மேடத்த நிறுத்தலாமான்னு பாத்தேன். டவரு, போட்டோ, முள்ளு, கொதிச்ச ஒடம்புன்னு அந்தம்மா படிச்சுக்கினே போச்சு. அப்பால அந்த வரி. அம்மா போன் பண்ணது. பொண்ணு போட்டோ எடுத்துக்கினு போன்னு சொன்னது.

நைனா என் பக்கம் திரும்பல. தோள்ல இருந்த துண்ட எடுத்து மடியில வெச்சு மடிச்சாரு, பிரிச்சாரு, திரும்ப மடிச்சாரு. மேடம் சீல் போட்டு ரசீது குடுத்துச்சு. "தாசில்தாருக்கு அனுப்பறேன். விசாரிப்பாங்க. போஸ்ட்மார்ட்டம் இல்லாம மாத்தறது கஷ்டம்மா, சொல்லிடறேன்"னுச்சு.

வெளிய வந்தோம். காம்பவுண்டு ஓரமா ஒரு வேப்பமரம், அதுங்கீழ ஏகப்பட்ட ஜனம். நைனா ஒரு கல்லு மேல உக்காந்தாரு. நான் நின்னேன். அடிச்சா கூட பரவால்லன்னு நின்னேன்.

"என்னிக்கி அவ ஒன் பேச்ச கேட்டா?"ன்னாரு.

எனக்கு புரியல.

"கல்யாணம் ஆன நாள்லருந்து என் பேச்ச கேக்கல. அவங்கம்மா பேச்ச கேக்கல. நீ சொல்லித்தான் நின்னாளா அவ? போவணும்னா போயிருப்பா. செஞ்ச வேலைய வுட்டுட்டு வர மனசு இல்லாம அவளேதான் நின்னுருப்பா."

நான் அழுதேன். எத்தன பேரு பாத்தாங்கன்னு தெரியல. அந்த எடத்துல அழுவறவங்கள யாரும் பெருசா பாக்கறதும் இல்ல.

நைனா ரசீத என் கையிலருந்து வாங்கி திருப்பித் திருப்பி பாத்துக்கினு சொன்னாரு. "முந்துன நாளே தலவலின்னா. காலைல எழுந்திருக்கும்போதும் சொன்னா. நான், கூழுல ரெண்டு கல்லு உப்பு சேத்து குடிச்சுட்டு போ, சரியா பூடும்னு சொன்னேன். அது இந்தப் பேப்பர்ல இல்லயே."

"நைனா, அது வேணாம்."

"நீ சொன்னது இக்குது. அந்த மேட்டு சொன்னது இக்குது. என்னுது மட்டும் இல்ல"ன்னு எழுந்துட்டாரு.

ரெண்டாவது தடவ டோக்கன் குடுக்க மாட்டேன்னு வாசல்ல இருந்தவரு சொன்னாரு. நைனா அவர்கிட்ட கெஞ்சி உள்ள போயிட்டாரு. நான் பின்னாலயே ஓடினேன். மேடம் சாப்பாட்டு டப்பாவ தொறக்கப் போச்சு. நைனா கைய கட்டிக்கினு தெலுங்குல சொன்னாரு, காலைல அம்மா தலவலின்னு சொன்னத, இவரு அனுப்பினத.

மேடம் டப்பாவ ஓரமா வெச்சுது. "பெத்தாயனா, இத சேத்தா ஒங்களுக்குத்தான் கெடுதல். முன்னயே ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னு சொல்லி அப்பிடியே தள்ளிடுவாங்க. நல்லா யோசிச்சுக்கோ."

"நடந்தது அதுதான மேடம்"னாரு நைனா. "வெய்யில்னால ரெண்டு நாளா தலவலி. அதோடதான் போனா. அதோடதான் நின்னா. எழுதிக்கோங்க."

மேடம் என்ன பாத்துச்சு. நான் எழுதுங்கன்னேன். கம்ப்யூட்டர்ல ஏத்தினத தொறக்க முடியாதுன்னு அந்தப் பையன் சொன்னான். மேடம் பேப்பர திருப்பி, அத்தை எழுதினதுக்கு பின்பக்கம் தன் பேனாவாலயே எழுத ஆரம்பிச்சுது. நைனா மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, அது எழுதி முடிக்கற வரிக்கும் காத்திருந்து காத்திருந்து சொல்லிக்கினு இருந்தாரு.